மகள் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு, பிலிப்பைன்ஸ் பாடத்திட்டத்துக்கு இப்போதே மாற்ற வேண்டுமா?

செம்பனை_சிப்புட்:
வணக்கம். எனக்கு மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் வேலை. மனைவிக்கு ஊர் பிலிப்பைன்ஸ், இலோய்லோ. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, மகள் ஆறாம் ஆண்டு முடித்ததும் குடும்பத்தோடு அங்கே போகலாம் என்று பேச்சு. ஆனால் மனைவி வீட்டார், இங்கிருந்தே அவர்கள் பாடத்தை ஆன்லைனில் படிக்கலாம், இப்போதே தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்துவிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
எடுக்காதீர்கள் தம்பி. 2003லிருந்து இங்கே தொடக்கக் கல்வி கட்டாயம். பள்ளியை விட்டு வீட்டில் வைத்துப் படிக்க வைக்க வேண்டுமானால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்கியாக வேண்டும். பிள்ளை நன்றாகப் படிக்கிற நேரத்தில் அந்த அலைச்சல் எதற்கு?

தோஹா_ரிட்டர்ன்:
அண்ணே, கத்தாரில் என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோக்கள் பிள்ளைகளை அங்கே இருக்கும் பிலிப்பைன்ஸ் பள்ளிக்கே அனுப்பினார்கள். வளைகுடா நாடுகளில் அப்படிப் பல பள்ளிகள் உண்டு, ஊரில் நடத்தும் அதே பாடம்தான். பிலிப்பைன்ஸின் 2013 சட்டப்படி கிண்டர், அப்புறம் ஆறு வருடம் தொடக்கப்பள்ளி, நான்கு வருடம் ஜூனியர் ஹை, இரண்டு வருடம் சீனியர் ஹை. பள்ளி இல்லாத இடத்தில் இருப்பவர்கள், அவர்கள் கல்வித் துறை அனுமதித்த ஹோம்ஸ்கூல் வழியாகச் சேர்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் எல்.ஆர்.என். என்று 12 இலக்க எண் உண்டு, கடைசி வரை அதே எண்தான். ஹோம்ஸ்கூலில் சேர்த்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த எண் கிடைக்குமா என்பதைத்தான். அனுமதி இல்லாத இடத்தில் காசு கட்டிப் படித்தால், பிறகு பி.இ.பி.டி. என்ற தேர்வு எழுதித்தான் எந்த வகுப்பு என்று தீர்மானிக்க வேண்டி வரும். உங்கள் மகளுக்கு முறையான பள்ளிப் பதிவே இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும்?

செம்பனை_சிப்புட்:
ரொம்ப நன்றி. அப்போது ஆறாம் ஆண்டு முடித்துப் போனால் எந்த வகுப்பு? பாசை பிரச்சினை வருமா?

தோஹா_ரிட்டர்ன்:
கிரேட் 7, ஜூனியர் ஹையின் முதல் வருடம், எல்லாருமே புதுப் பள்ளிக்கு வரும் நேரம். நாம் ஏழு வயதில் ஒன்றாம் ஆண்டு போகிறோம், அங்கே ஆறு வயதில் கிரேட் 1, அதனால் வகுப்பில் ஒரு வயது மூத்தவளாக இருப்பாள், அவ்வளவுதான். இங்கே வருடக் கடைசியில் முடித்தால் அங்கே ஜூனில்தான் பள்ளி திறக்கும், நடுவில் இருக்கும் மாதங்களை பிலிப்பினோ மொழிக்கும் அவர்கள் நாட்டு வரலாறு வரும் சமூகப் பாடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் அறிவியலும் அங்கே ஆங்கிலத்தில், அதில் சமாளித்துவிடுவாள். ஆனால் பிலிப்பினோவும் அந்தச் சமூகப் பாடமும் தமிழ்ப்பள்ளியில் தொடாத பாடங்கள், தேர்ச்சிக்கு 75 வேண்டும். அண்ணியை இன்றிலிருந்தே வீட்டில் பிலிப்பினோவில் பேசச் சொல்லுங்கள். ஐந்தாம் படிவம் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வரை இங்கே வைத்துவிட்டு அனுப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது 11 வருடப் படிப்பு, அங்கே கல்லூரிக்கு 12 கேட்பார்கள்.

இலோய்லோ_மருமகள்:
நானும் கலப்புக் குடும்பம்தான் அண்ணா. அம்மா பிலிப்பினோ குடிமகள் என்பதால் மகளுக்கும் அந்த உரிமை உண்டு, ஆனால் கோலாலம்பூர் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். அங்கே பள்ளியில் சேர்க்கும்போது பி.எஸ்.ஏ. என்ற அவர்கள் புள்ளியியல் ஆணையம் தரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அது இந்தப் பதிவிலிருந்துதான் வரும். பதிந்தாலும் உடனே கைக்கு வராது. இன்னும் பதியவில்லை என்றால் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அண்ணியைக் கூட்டிக்கொண்டு, திருமணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.