"ஆண்டுகொள்ளுங்கள்" என்றால் மிதிக்கலாமா?

ஞாயிறு பள்ளி அக்கா:
பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். போன வாரம் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம், முதல் அதிகாரம். மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன், அதனால் யாரையும் மட்டமாகப் பேசக் கூடாது என்று சொல்லி முடித்தேன். நன்றாகத்தான் போனது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால், ஒரு பையன் சுவரோரம் போன எறும்பு வரிசையைச் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அதட்டினேன். வேதாகமத்தைத் திறந்து நீட்டுகிறான்: "அக்கா, 1:28 பாருங்க. சகல ஜீவஜந்துக்களையும் ஆண்டுகொள்ளுங்கள்னு போட்டிருக்கு."

"எறும்பு பாவம்டா" என்றேன். அதெல்லாம் ஒரு பதிலா? வரும் ஞாயிறு அவன் விடமாட்டான். உதவுங்கள்.

பழைய எபிரேய மாணவன்:
சகோதரி, முதலில் பையனை மெச்சுங்கள். வசனத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறான். அதை மழுப்பவும் வேண்டாம். அதே வசனத்தில் பூமியைக் 'கீழ்ப்படுத்தி' என்று வரும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள 'கபாஷ்' கடுமையான சொல்தான்.

ஆனால் அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள். 2:15-இல் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது 'பண்படுத்தவும் காக்கவும்'. காப்பதற்கு எபிரேயத்தில் 'ஷாமர்'. இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளி அதே வேர்ச்சொல் வருகிறது, யார் வாயில் தெரியுமா? தம்பி ஆபேலைக் கொன்ற காயீன். 'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ' என்கிறானே, அந்தக் காவலாளி. தோட்டத்துக்குச் சொன்ன சொல்லையே தம்பி விஷயத்தில் தட்டிக் கழிக்கிறான். உடனே ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது. நிலம் இனி உனக்குப் பலன் தராது என்று தீர்ப்பு வருகிறது. மனிதனை மிதித்தவனை மண்ணும் கைவிட்டது. நீங்கள் நடத்திய சாயல் பாடமும் எறும்பும் ஒரே பாடம்தான்.

இன்னொன்று. பழைய எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் கடவுளின் சாயல் என்பது அரசனுக்குத் தரும் பட்டம். ஆதியாகமம் அதை ஆண், பெண் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. சரி, எல்லாரும் ராஜாதான். படைத்தவர் பார்த்துப் பார்த்து 'நல்லது' என்று சொன்னதை நசுக்கினால் அது யாருடைய சாயல்?

கடைசி பெஞ்சு:
விளக்கம் அழகு. ஆனால் எத்தனை நூற்றாண்டு நாம் 1:28-ஐ மட்டும் படித்தோம்? 1967-இல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர், சூழல் கேட்டில் மேற்கத்தியக் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று எழுதினார். கோபப்பட்டவர்கள் பலர். அதே கட்டுரையில் அவர்தான் இயற்கையை நேசித்த புனிதர் அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக்கலாம் என்றார்; 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். திட்டியவரிடமிருந்தும் கற்கலாம்.

எனக்கு வேறொரு கவலை. எறும்புக்கு உருகும் சபை, குப்பைமேட்டுப் பக்கத்தில் குடியிருக்கும் மனிதனுக்கு உருகுகிறதா?

பூசை உதவியாளர்:
அண்ணா, அந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது என்பதுதான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் சாரம். பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறார். இது புதிதும் இல்லை. யாத்திராகமம் 23-இல் ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா விடச் சொல்கிறது: விளைந்ததை எளியவர் சாப்பிடட்டும், மிச்சத்தைக் காட்டு விலங்குகள் தின்னட்டும் என்று. ஒரே வயல், ஒரே சட்டம்.

ஞாயிறு பள்ளி அக்கா:
எல்லாருக்கும் நன்றி. எபிரேயம் அவனிடம் எடுபடாது என்று தோன்றியதால் 1:22-ஐ வாசிக்கச் சொன்னேன். பலுகிப் பெருகுங்கள் என்ற ஆசீர்வாதம் மனிதனுக்கு முன்பே மீனுக்கும் பறவைக்கும் கிடைத்துவிட்டதைப் பார்த்து முழித்தான். எறும்பு எந்த நாளில் படைக்கப்பட்டது என்று தேடச் சொன்னேன். ஊரும் பிராணிகள், ஆறாம் நாள். "மனுஷனும் அன்னைக்குத்தானா? நமக்குன்னு தனி நாள் கூட இல்லையா?" என்றான். காயீன் கதைக்கு வகுப்பே அமைதியாகிவிட்டது.

அப்புறம் கை தூக்கினான்: "அக்கா, அப்போ கொசு?"

அடுத்த ஞாயிறுக்குள் யாராவது சொல்லுங்கள்.