வேலையிடத்து பெனிஃபிட் படிவம்: கையெழுத்து வைப்பதா, விடுவதா?

பரந்தன் பிள்ளை:
வணக்கம். ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம். வேர்ஹவுஸில் பொதி கட்டும் வேலை. நேற்று சூப்பர்வைசர் நான்கு பக்கக் காப்புறுதிப் படிவம் ஒன்றைத் தந்து, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தரச் சொன்னார். மருந்து, பல், கண்ணாடி எல்லாவற்றுக்கும் காசு கிடைக்குமாம். ஆனால் ஒவ்வொரு சம்பளத்திலும் 41 டொலர் வெட்டுவார்களாம். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டும், வாடகை வேறு. என் கணவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கி மூன்று நாளாக நித்திரை இல்லை. என்ன செய்வது? கிளிநொச்சி கார்மென்ட்ஸில் ஆறு வருடம் வேலை செய்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாமா?

மாங்குளம் அண்ணை:
தங்கச்சி, நான் வந்த முதல் மாரியில் பாண் பேக்கரியில் இரவு வேலை. ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆள். பஸ் நின்றுவிட்டால் பனியில் நாற்பது நிமிட நடை. சப்பாத்துக்குள் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டு போவேன். படிவமும் இல்லை, லீவும் இல்லை. பல் வலிக்கு உப்புத் தண்ணீர்தான். 41 டொலர் சின்னக் காசில்லை. கனடா என்றால் அரசாங்கப் பல் திட்டம் இருக்கிறது, அதை எடுங்கோ. படிவத்தை விடுங்கோ.

புதுக்குடியிருப்பு அக்கா:
அண்ணை, அப்படிச் சொல்லாதீர்கள். நானும் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதல் வேலையில் விட்டேன். அடுத்த வருடம் சீனி வருத்தம் வந்தது. ஓஹிப் கார்ட் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) டொக்டருக்குக் கொடுக்கும், என் வயது ஆட்களுக்கு மருந்துக் காசு கொடுக்காது. பிந்திப் போய்க் கேட்டபோது உடல்நிலைக் கேள்வித்தாள் தந்தார்கள். பிறகு இல்லை என்று விட்டார்கள்.

வவுனியாத் தம்பி:
ஈபிஎஃப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சம்பளத்தில் உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம். பெண்களுக்கு 50 வயதில்தான் தருவார்கள், ஆனால் நிரந்தரமாக வெளிநாடு வந்தவர்கள் முந்தியே கேட்கலாம். தொழில் திணைக்களத்தின் கே படிவம், கடவுச்சீட்டு, விசா பிரதிகளை எடுத்து வையுங்கோ. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம் என்றால், வேலையை விடும்போது முதலாளி தரும் பணிக்கொடையும் உண்டு. ஐந்து வருடம் முடிந்தாலே உரித்து, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். ஆறு வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம். அதைக் கேட்டு வாங்கினீர்களா?

இரணைமடுக்காரன்:
இங்கேயும் எல்லாம் குறைந்துகொண்டே போகிறது. நான் சேர்ந்தபோது காப்புறுதிக் காசு முழுவதையும் கம்பனி கட்டியது. இப்போது பாதி எங்கள் தலையில். பழைய ஆட்களுக்கு ஓய்வூதியம், புதியவர்களுக்கு நாங்கள் போட்டால் கம்பனியும் கொஞ்சம் போடும் சேமிப்பு மட்டும். லைனில் அரைவாசிப் பேர் ஏஜென்சி, அவர்களுக்கு அதுவும் இல்லை.

மாங்குளம் அண்ணை:
ஊரில் மட்டும் என்ன? ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் வரவுக்கொடுப்பனவு முழுக்கப் போச்சு.

நெடுங்கேணி மருமகள்:
தங்கச்சி வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். டொலர் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறது. நீங்கள் ஒன்ராறியோவா? கம்பனி ஆளா, ஏஜென்சி ஆளா? இவர் வேலைக்குப் போகிறாரா?

ஒன்ராறியோ என்றால் கவனியுங்கோ. வேலையிடத்தில் பல் காப்புறுதி கிடைக்கக்கூடியவருக்கு அரசாங்கப் பல் திட்டம் இல்லை. வேண்டாம் என்று நீங்கள் விட்டாலும் கிடைக்கக்கூடியதாகத்தான் எடுப்பார்கள். போன வருட வரிக் கணக்கும் இங்கே கொடுத்திருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் அது எங்கே? பெரும்பாலான இடங்களில் தகுதி வந்த நாளிலிருந்து 31 நாள்தான் தவணை. வெட்டுகிற 41 டொலர் தனி ஆளுக்கா, குடும்பத்துக்கா என்று எச்ஆரிடம் (ஆளணிப் பிரிவு) கேளுங்கோ. இரண்டாம் பக்கத்தில் துணையின் பெயர், பிறந்த திகதி எழுதும் பெட்டி இருக்கும். அதை வெறுமையாக விட்டால் இவரின் பல்லுக்கு ஒரு சதமும் வராது. வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் காப்புறுதிக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே கூட்டிக்கொண்டு போங்கோ. தவணையாகக் கட்டலாமா என்று பல் வைத்தியரிடம் கேட்கலாம்.

பரந்தன் பிள்ளை:
ஒன்ராறியோதான், பிரம்டன். முதல் மூன்று மாதம் ஏஜென்சி, பிறகு கம்பனியே எடுத்தது. இவருக்கு இன்னும் வேலை இல்லை. அந்தப் பெட்டியை நான் வெறுமையாகத்தான் விட்டிருந்தேன் அக்கா. இப்போது எழுதிவிட்டேன். காய்ச்சல் இல்லை, நாளை காலை பத்து மணிக்குப் பல் வைத்தியரிடம் போகிறோம். பணிக்கொடை என்று ஒருவரும் சொல்லவில்லை. தம்பி, யாருக்கு எழுதுவது?

வவுனியாத் தம்பி:
முதலில் கார்மென்ட்ஸ் எச்ஆருக்கு, சேர்ந்த திகதி, விலகிய திகதி போட்டுக் கடிதம். பதில் வராவிட்டால் கிளிநொச்சி தொழில் அலுவலகம்.