காகிதப் படிவத்தை அப்படியே இணையத்தில் ஏற்றலாமா?

கொட்டாஞ்சேனை கோடர்:
கொழும்புக் கோட்டையில் இருக்கிற பழைய காப்புறுதி நிறுவனங்கள் இணையத்தளத்தைப் புதுப்பிக்க வந்தால், முதலில் மேசையில் வைப்பது அந்த நாலு பக்கக் காகிதப் படிவத்தைத்தான். "இதே ஒழுங்கு, இதே கட்டங்கள், ஒன்றும் மாறக் கூடாது." அப்படிச் செய்தால் 360 பிக்சல் அகலமுள்ள போனில் இரட்டை நிரல் நசுங்கிப் போகும். பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானே பெருப்பித்துக் காட்டும். எந்தப் பெட்டியை நிரப்புகிறோம் என்பதே கண்ணுக்குப் படாது. போதாக்குறைக்கு "முகவர் குறியீடு", "கிளை இலக்கம்" எல்லாவற்றுக்கும் கட்டாயம் நிரப்பச் சொல்லிச் சிவப்பு நட்சத்திரம். வாடிக்கையாளருக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்தை மூடிவிட்டுக் கிளைக்குப் போன் எடுப்பார். பிறகு தளம் எதற்கு?

புறக்கோட்டை கணக்கர்:
தம்பி, அந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. கவுண்டரில் இருப்பவர் காகிதத்தைப் பார்த்தபடி டப் விசையைத் தட்டித் தட்டி ஏற்றுகிறார். திரையின் ஒழுங்கு வேறாக இருந்தால் கண் மேலும் கீழும் ஓடும், தொகை மாறி விழும். நட்டஈடு கேட்டு வரும்போது கையெழுத்திட்ட படிவத்தையும் கணினிப் பதிவையும் வரிவரியாக ஒப்பிடுவார்கள். ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்ற உங்கள் புது நாகரிகம் அந்த மேசைக்குச் சரிவராது.

கொட்டாஞ்சேனை கோடர்:
ஊழியர் திரையைத் தொடச் சொல்லவில்லையே. அது நெருக்கமாகவே இருக்கட்டும், மவுஸ் தொடாமல் முடியட்டும். தரவுத்தளம் ஒன்று, முகப்பு இரண்டு. வாடிக்கையாளர் பக்கத்தில் கேள்வியைக் குறைக்கலாம். அடையாள அட்டை இலக்கம் வந்தாலே பிறந்த திகதியும் பாலினமும் அதற்குள் இருக்கின்றன. திரும்ப ஏன் கேட்பான்?

புறக்கோட்டை கணக்கர்:
இங்கேதான் பலர் விழுகிறார்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு 500 கூட்டி. ஆனால் அந்த நாள் கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைக்கிறது. 1985 மார்ச் 1இல் பிறந்தவரின் அட்டையில் 061 இருக்கும். சாதாரண நாட்காட்டிச் சூத்திரத்தில் போட்டால் மார்ச் 2 வரும். லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1 தொடக்கம் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிசகு. ஆயுள் காப்புறுதியில் பிறந்த திகதி பிழைத்தால் பிரிமியம் தொடக்கம் எல்லாமே சிக்கல்.

கொட்டாஞ்சேனை கோடர்:
சரியான பிடி. அப்படியென்றால் கணித்த திகதியை நிரப்பிக் காட்டி "இது சரியா?" என்று கேட்க வேண்டும், மறைத்து வைத்துக் கணிக்கக் கூடாது. இன்னொன்று: இந்தப் பெட்டிக்கு எண் விசைப்பலகையை வைத்துவிடுகிறார்கள். 12 இலக்க அட்டை 2016இல்தான் வந்தது. அதற்கு முந்திய அட்டைக்காரர் கடைசியில் வரும் 'வீ'யையோ 'எக்ஸ்'ஐயோ எதால் அடிப்பார்? சாதாரண விசைப்பலகையே போதும். சின்ன எழுத்தில் அடித்தாலும், இடைவெளி விட்டாலும் ஏற்றுக்கொண்டு நாமே துப்புரவாக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தையும் 'எண்' வகையாகச் சேமித்தால் 077 வெறும் 77 ஆகிவிடும்.

வெள்ளவத்தை எழுத்து:
இரண்டு பேரும் தமிழ்ப் பக்கத்தை மறந்துவிட்டீர்கள். பழைய நிறுவனங்களின் தமிழ் உரை பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும். அதை யுனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் திரையில் ஆங்கிலக் கிறுக்கல், கூகுளிலும் அகப்படாது. மாற்றியதைக் கட்டாயம் ஒருவர் வாசித்துத் திருத்த வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் பெயர் சேமிக்கும் நிரலின் வகை 'வார்சார்' என்றால் தமிழ்ப் பெயர் ????? ஆகும். யுனிகோடுக்கான 'என்வார்சார்' ஆக்கியும் அதே கேள்விக்குறி வந்தால், கட்டளையில் மேற்கோளுக்கு முன்னால் 'என்' (N) எழுத்து விடுபட்டிருக்கும்.

பொத்தானில் "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" என்று எழுதி வெளியே வழியவிடாமல் "அனுப்பு" என்று போடுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.2 மடங்கு என்றால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டும், 1.6 வையுங்கள். குறுஞ்செய்தியிலும் கவனம்: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழில் 70தான். 'கொ' என்பதே அதில் இரண்டு. ஒரு நினைவூட்டலுக்கு இரண்டு மூன்று செய்திக் காசு போகும்.

பெயர்ப் பெட்டியை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்க வேண்டாம். தகப்பன் பெயர் எதில் போகும்? ஒரே பெட்டி போதும்.

புறக்கோட்டை கணக்கர்:
ஒன்று போதாது, பிள்ளை. காசோலை முதலெழுத்துகளுடன் கூடிய பெயருக்கு எழுதப்படும், ஒப்பந்தம் முழுப்பெயருக்கு. முழுப்பெயரிலிருந்து கணினி தானே முதலெழுத்தைச் சுருக்கினால் வங்கிக் கணக்கோடு பொருந்தாது. காகிதத்தில் இரண்டு வரி இருப்பது அதற்குத்தான்.

வெள்ளவத்தை எழுத்து:
அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பெட்டி, ஆனால் புள்ளி வைத்தால் "தவறான எழுத்து" என்று சிவப்பு காட்டக் கூடாது.

கொட்டாஞ்சேனை கோடர்:
வெளியிட முன் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தால் பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் சொன்ன கணக்கு.

புறக்கோட்டை கணக்கர்:
எந்த ஐந்து பேர்? உங்கள் அலுவலகத்துப் பெடியள் கணக்கில் இல்லை.

வெள்ளவத்தை எழுத்து:
மூன்று மொழிக்கும் சேர்த்து ஐந்து பேர் என்றால் தமிழுக்கு ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். பொத்தான் வழிவதும் பெயர் ????? ஆவதும் தமிழ்ப் பக்கத்தில் மட்டும் வருகிற கோளாறுகள். மொழிக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது பழைய அட்டைக்காரராக இருக்கட்டும்.