ஆரம்பப் பற்சொத்தை: 'மறுகனிமமாக்கல்' வேண்டாம், 'கனிம மீளேற்றம்' வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

பல்லிலிருந்து கரைந்துபோன கனிமம் திரும்பவும் பல்லில் சேர்வதை ஆங்கிலத்தில் ரீமினரலைசேஷன் என்கிறோம். அதற்கு 'மறுகனிமமாக்கல்' என்று, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஆக்கல்' என்றால் ஒன்று வேறொன்றாக மாறுவது. பல்லின் மேலுறையான எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு ஏற்கெனவே கனிமந்தான். புதிதாக ஆக்குவதற்கு அங்கே எதுவுமில்லை. பல்லை ஒட்டிய படலத்தில் அமிலம் கூடி, பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்ததும் அவை திரும்பி வந்து அமர்கின்றன. புளோரைடு உடனிருந்தால் அது விரைவாக நடக்கிறது. அப்படி அமரும் படிகம் அமிலத்தைக் கூடுதலாகவும் தாங்குகிறது. இறங்கியது மீண்டும் ஏறுகிறது, அவ்வளவே. ஆகவே 'கனிம மீளேற்றம்' என்கிறேன். எதிர்ச்சொல்லாகக் 'கனிம இழப்பு' போதும்.

மற்ற பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். 'தாது மீட்பு' காதுக்கு இனிமைதான். ஆனால் தாது என்றதும் நம் மக்களுக்கு லேகிய விளம்பரம்தான் நினைவுக்கு வரும். 'மீள்படிவு' என்பது பல்லில் கெட்டியாகப் படியும் பற்காரையோடு குழம்பும். 'மீளூட்டம்' என்றால் கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று பெற்றோர் நம்பிவிடுவார்கள். முளைத்துவிட்ட பல்லின் சொத்தையை மாத்திரை சரிசெய்யாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ஆரம்பச் சொத்தையால் பல்லில் தெரியும் வெளுப்பை 'வெண்புள்ளி' என்று அழைப்பது. தோல் நிறமிழப்புக்கு அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அது மட்டுமன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் குடிநீரின் மிகைப் புளோரைடால் பல்லில் வெண்திட்டு விழுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், ஒன்றுக்குப் புளோரைடு காரணம், மற்றொன்றுக்கு அதுவே மருந்து என்பதைப் பெற்றோருக்கு எப்படி விளக்குவது? ஆரம்பச் சொத்தையைக் காற்றடித்து உலர்த்திப் பார்த்தால், ஈறோரத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோல மங்கிய வெளுப்பு தெரியும். ஈரமாக இருக்கும்போது பல நேரங்களில் கண்ணில் படாது. சொத்தை வளர்ந்துகொண்டிருந்தால் சொரசொரப்பாகவும், நின்றுவிட்டால் வழவழப்பாகவும் இருக்கும். அதற்குச் 'சொத்தை வெளுப்பு' என்ற பெயரே பொருந்தும் என்பது என் முடிவு. குழி விழுவதற்கு முந்தைய நிலை என்பதும் அதில் விளங்கிவிடுகிறது.

சிகிச்சைப் பெயர்களில் பெரிய சிக்கல் இல்லை. பல்லில் பூசும் புளோரைடு வார்னிஷைப் 'புளோரைடு மேற்பூச்சு' எனலாம்: 5% சோடியம் புளோரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) புளோரைடு. சிறு தூரிகையால் பூசியதும் உமிழ்நீர் பட்டு இறுகிவிடும். ஜெல்லை ஜெல் என்றே விட்டுவிடலாம். பற்பசையில் வழக்கமாக இருப்பது 1,000 முதல் 1,500 பிபிஎம் வரைதான் என்பதால் அதை 'அன்றாடப் புளோரைடு' என்று தனியே பிரித்துக் காட்டுவது நல்லது.

சொத்தையில் பூசும் மருந்தான வெள்ளி டைஅமின் புளோரைடை மட்டும் மீளேற்றத் தலைப்பின்கீழ் சேர்க்காதீர்கள். அது குழி விழுந்த சொத்தையையும் மேலே பரவாமல் நிறுத்தும். ஆனால் குழி மூடாது, மருந்து பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். மீளேற்றம் என்று படித்துவிட்டு வரும் தாய், குழந்தையின் முன்பல் கறுத்ததைப் பார்த்தால் நம்மை எப்படி நம்புவார்? அதற்குச் 'சொத்தை முடக்கம்' என்று தனிச்சொல் வைக்கலாம். 'முடக்கம்' கடுமையாக ஒலிக்கிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச்சொல் தாருங்கள். 'தடுப்பு' மட்டும் வேண்டாம், அது சொத்தை வருமுன் செய்வது.