ஸ்டென்டரில் இடது ஓரம் மட்டும் ஈரம், டாம்பரை முழுக்கத் திறந்தும்

ஈரோடு_ஷிப்ட்:
வணக்கம். எங்கள் யூனிட்டில் 6 சேம்பர் ஸ்டென்டர் (ஈரத்துணியை விரித்துப் பிடித்துச் சூடான காற்றில் காய வைக்கும் மிஷின்), தெர்மிக் ஃப்ளூயிட் (சூடான எண்ணெய்) ஹீட்டிங், விறகு எரிப்பு. ஓடுவது 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டன் சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, டெம்பரேச்சர் 140 டிகிரி. கொஞ்ச நாளாக டெலிவரியில் (துணி வெளியே வரும் முனையில்) இடது ஓரம் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. நடுவும் வலதும் நன்றாகக் காய்ந்து வருகிறது. காற்று பத்தவில்லை என்று மானேஜர் எக்ஸாஸ்ட் டாம்பரை (வெளியேறும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை) முழுக்கத் திறக்கச் சொன்னார். விறகுதான் கூட எரிகிறது. ஸ்பீடைக் குறைத்தால் நடுத்துணி சொரசொரப்பாகிவிடுகிறது. எங்கே பார்ப்பது?

நூல்கண்டு:
லின்ட் ஃபில்டர் (பஞ்சு வடிகட்டி) பார்த்தீர்களா? பாதி அடைத்தாலே நாசிலில் (துணி மேல் காற்றை ஊதும் துளைகளில்) காற்று செத்துவிடும்.

ஈரோடு_ஷிப்ட்:
ஷிப்டுக்கு ரெண்டு தடவை சுத்தம் பண்ணுகிறோம் அண்ணா.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, முதலில் அந்த டாம்பரைக் கொஞ்சம் மூடச் சொல்லுங்கள். துணியைக் காய வைப்பது நாசிலில் அடிக்கும் காற்று. எக்ஸாஸ்ட்டின் வேலை நீராவியை வெளியே அனுப்புவது மட்டும்தான். அதை எவ்வளவு திறந்தாலும் இடது ஓரத்துக்கென்று தனியாகக் காற்று வராது.

விறகு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியேறும் ஒரு கிலோ காற்றில் 50 கிராம் நீராவிதான் இருக்கிறது என்றால், ஒரு கிலோ தண்ணீரை வெளியே தள்ள 20 கிலோ காற்று வேண்டும். அத்தனையும் 35 டிகிரியில் உள்ளே வந்து 140க்குச் சூடாக வேண்டும். அதற்கே சுமார் 2,100 கிலோஜூல். அந்த ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஆவது 2,257. ஏறக்குறைய பாதி விறகை வானத்துக்கு எரிக்கிறீர்கள்! நீராவி 100 கிராமுக்கு வந்தால் காற்றுச் செலவு பாதியாகும். 100 முதல் 150 வரை வைத்து ஓட்டலாம். அதற்கு மேல் போனால் காய்வது மந்தமாகும், எக்ஸாஸ்ட் டக்டிலிருந்து (புகைபோக்கிக் குழாயிலிருந்து) சொட்டு விழ ஆரம்பிக்கும்.

ஹியூமிடிட்டி மீட்டர் இல்லையா? என்ட்ரி வாயில் ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். லேசாக உள்பக்கம் சாய்ந்தால் சரி. விறைத்து உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் அதிகம். வெளியே தள்ளினால் குறைவு. ஊதுபத்தி வைத்துப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள், வேண்டாம். பஞ்சு பறக்கிற இடம்.

இடது ஓரத்துக்கு வருவோம். ஸ்டென்டரைக் கழற்றும் முன் மாங்கிளை (அதற்கு முன்னால் துணியைப் பிழியும் ரோல்களை) பாருங்கள். பிழிந்து வெளியே வரும் துணியில் இடது, நடு, வலது மூன்று இடத்தில் ஒரே அளவு வெட்டி எடுத்து உடனே எடை போடுங்கள். லேப் ஓவனில் (அடுப்பில்) காய வைத்து மறுபடி எடை. ஈரம் அங்கேயே ஏற்றத்தாழ்வாக இருந்தால் ஸ்டென்டர் என்ன செய்யும், பாவம்? அங்கே சரியாக இருந்தால் மட்டும் நாசில் பெட்டியில் இடதும் வலதும் U வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பிரஷர் பாருங்கள், புளோயர் பெல்ட்டையும் பாருங்கள்.

ஃபினிஷிங்_லேப்:
ஃபிட்டர் அண்ணன் சொல்வது வெறும் காட்டனுக்குச் சரி. லைக்ரா கலந்த துணியை 190ல் ஹீட் செட் பண்ணும்போது (சூட்டில் அளவு மாறாமல் நிலைப்படுத்தும்போது) டாம்பரை இப்படி இறுக்க வேண்டாம். அங்கே நீராவி குறைவு, எண்ணெய்ப் புகைதான் அதிகம். அது டக்டில் படிந்து சொட்டினால் கறை போகாது, தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

பழைய_ஃபிட்டர்:
உண்மைதான். நான் சொன்னது டிரையிங்குக்கு மட்டும்.

ஈரோடு_ஷிப்ட்:
எடை போட்டுப் பார்த்தோம். காய்ந்த எடைக்கு ஈரம் இடது 91, நடு 80, வலது 78 சதவீதம். மாங்கிள் கேஜ் ரெண்டு பக்கமும் ஒரே பிரஷர்தான் காட்டுகிறது.

பழைய_ஃபிட்டர்:
கேஜை நம்ப வேண்டாம். மிஷினை நிறுத்தி, வெள்ளைத்தாளும் கார்பன் பேப்பரும் சேர்த்து ரோலுக்கு நடுவில் முழு அகலத்துக்கும் வைத்து அழுத்தி எடுங்கள். இடது பக்கம் பட்டை மெலிந்தோ வெளிறியோ விழுந்தால் ரப்பர் தேய்ந்திருக்கிறது, இல்லை அந்தப் பக்க சிலிண்டர் பிடிக்கிறது. ரோலைக் கிரைண்டிங்குக்கு அனுப்பும் முன் சிலிண்டர் சீலைப் பாருங்கள், அது மலிவு.

சரியானதும் ஸ்பீடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். டெலிவரியில் 7, 8 சதவீத ஈரம் இருந்தால் போதும். அதற்கு மேல் காய வைத்தாலும் காட்டன் ஹாலில் கிடக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மானேஜரிடம் விறகுக் கணக்கை மட்டும் காட்டுங்கள், டாம்பரைப் பற்றிப் பேச வேண்டாம்.