644 கொக்கு என்று யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:
ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த ஆகஸ்ட் 6 நெருங்கினால் எல்லோருக்கும் சடாகோ சசாகி நினைவு வந்துவிடுகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பக்கத்து இழையில் வெண்புறா77 எழுதியிருப்பதைப் படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. "ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் பிழைக்கலாம் என்று நம்பிய ஹிரோஷிமா சிறுமி 644 மடித்ததும் இறந்துபோனாள், மீதி 356ஐத் தோழிகள் மடித்து அவளோடு புதைத்தார்கள்" என்று போட்டு, கீழே அழுகிற எமோஜி வேறு. இந்த 644 வரலாறு இல்லை. 1977ல் அமெரிக்காவில் ஒருவர் குழந்தைகளுக்காக எழுதிய கதைப்புத்தகத்தின் கணக்கு அது. ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகம் சொல்வதே வேறு. 1955 ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே அவள் ஆயிரத்தைத் தொட்டுவிட்டாள், அப்புறமும் மடித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அண்ணன் மசாஹிரோவும் ஆயிரத்துக்கு மேல் என்றுதான் சொல்கிறார். கூடப் பிறந்தவருக்குத் தெரியாதது வாட்ஸ்அப்புக்குத் தெரியுமா?

வெண்புறா77:
வாங்க பிள்ளை சார், உங்களைத்தான் இன்னும் காணோமே என்று பார்த்தேன். பன்னிரண்டு வயதுக் குழந்தை ரத்தப் புற்றுநோயில் போயிருக்கிறது, நீங்கள் கொக்கு எண்ண வந்துவிட்டீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். வருடா வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, மீதி 356 கொக்கை அவர்களையே மடிக்க வைக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது. 644 என்றால் என்ன, ஆயிரத்துக்கு மேல் என்றால் என்ன? குழந்தை போனது போனதுதானே?

கணக்குப்பிள்ளை:
என்னவா? நிறைய இருக்கிறது டீச்சர். 644ல் நின்றுபோனாள் என்று சொன்னால் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? ஐயோ, இன்னும் 356 மடித்திருந்தால் பிழைத்திருப்பாளே என்று நினைக்கும். அவள் ஆயிரமும் முடித்தாள். அதற்கு மேலும் மடித்தாள். காகிதம் கிடைக்காமல் மருந்துப் பொட்டலத் தாளையெல்லாம் சேர்த்து வைத்து மடித்தாள். அப்படியும் அக்டோபர் 25 அன்று செத்தாள். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. வீடு வெடிப்பு மையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெளியே தெரிகிற காயம் ஒன்றும் இல்லை. பள்ளியில் தொடர் ஓட்டத்தில் ஓடியவள், பத்து வருடம் கழித்து அந்தக் கதிர்வீச்சு உள்ளேயிருந்து வந்து தூக்கியிருக்கிறது. உங்கள் 644, அந்தக் கொடுமையை "பாவம், நேரம் பற்றவில்லை" என்று ஆக்கிவிடுகிறது.

பொக்ரான்98:
இரண்டு பேரும் கொக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் நிஜத்துக்கு வாருங்கள். 1945க்கு அப்புறம் எந்த ஊரிலாவது அணுகுண்டு விழுந்ததா? ஏன் விழவில்லை? காகிதம் மடித்ததாலா? எதிராளியிடமும் குண்டு இருக்கிறது என்ற பயம்தான் காரணம். 98 மே மாதம் நாம் வெடித்துக் காட்டியதும் அதற்காகத்தான். அமைதி என்றால் அதுதான் அமைதி. அப்புறம் ஹிரோஷிமாவில் 80,000 பேர் என்று படித்திருக்கிறேன், இங்கே ஆளாளுக்கு ஒன்றரை லட்சம், மூன்று லட்சம் என்று ஏற்றிக்கொண்டே போகிறீர்கள்.

நடுநிலை நாராயணன்:
நண்பர்களே, ஒரு வேண்டுகோள். நினைவுகூர்வது என்றால் என்ன, அமைதி என்றால் என்ன என்று முதலில் ஒரு வரையறை வைத்துக்கொண்டால் இந்த இழை எங்காவது போய்ச் சேரும் என்று தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை:
பொக்ரான் தம்பி, எண்ணில் என்னோடு விளையாடாதீர்கள். உடனே செத்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு கணக்கு வரும். தீக்காயத்திலும் கதிர்வீச்சு நோயிலும் துடித்து 1945 டிசம்பர் முடிவதற்குள் இறந்தவர்களைச் சேர்த்தால் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000, நாகசாகியில் சுமார் 74,000. மூன்று லட்சம் என்பதும் பொய் இல்லை. தப்பிப் பிழைத்து, பிற்பாடு இறந்தவர்களின் பெயர்களையும் ஒவ்வொரு ஆகஸ்ட் 6 அன்றும் நினைவுச் சின்னத்துக்கு அடியில் இருக்கிற பதிவேட்டில் சேர்க்கிறார்கள், அது இப்போது 3,40,000ஐத் தாண்டிவிட்டது. எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணைப் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான். டீச்சரின் 644ம் அதே கதைதான்.

வெண்புறா77:
சுற்றிச் சுற்றி 644க்கே வந்து நிற்கிறீர்கள் பாருங்கள். சரி, நானும் கேட்கிறேன். ஒபாமா 2016 மே மாதம் ஹிரோஷிமா போனபோது தன் கையாலேயே மடித்த கொக்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாரே, அவர் எத்தனை மடித்தார் என்று யாராவது கேட்டார்களா? அந்தக் கதை அவர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது அல்லவா? கதைக்கு அந்தச் சக்தி இருக்கிறது. அருங்காட்சியகக் குறிப்பை வாசித்துக் காட்டியா பிள்ளைகளை அழ வைக்க முடியும்?

கணக்குப்பிள்ளை:
எத்தனை என்றா கேட்கிறீர்கள்? நான்கு. இரண்டை அங்கேயிருந்த பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார், இரண்டை அருங்காட்சியகத்தில் விட்டுவந்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அணு ஆயுதத்தை ஏவக் கட்டளையிடும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் அதிகாரியும் கூடவே போனார். நான்கு கொக்கு, ஒரு பெட்டி. பிள்ளைகளை அழ வைப்பதுதான் நோக்கம் என்றால் டீவி தொடரைப் போட்டுக் காட்டுங்கள், ஹிரோஷிமாவை ஏன் இழுக்கிறீர்கள்?

வெண்புறா77:
இந்தத் திமிர்தான் உங்களிடம் பிடிக்காதது. போன வருடம் நாகசாகி இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். கொக்குரா நகரத்தைக் குறிவைத்து வந்த அணுகுண்டு விமானம் மேகமூட்டத்தால் நாகசாகிக்குத் திரும்பியது என்று ஒரு பையன் எழுதினான். மேகம் இல்லை, முந்தைய நாள் பக்கத்து ஊரான யவாத்தாவில் போட்ட குண்டின் புகை என்று அவனை விரட்டி விரட்டி எழுதவே விடாமல் செய்தீர்கள். அந்தப் பையன் இந்தப் பக்கமே வருவதில்லை.

கணக்குப்பிள்ளை:
புகையும் இருந்தது என்றுதான் எழுதினேன். படித்துப் பார்க்காமல் சாட்சி சொல்ல வராதீர்கள். அவன் வராததற்குக் காரணம் பத்தாம் வகுப்புத் தேர்வு.

ஈப்போ ராசா:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் ஜப்பான்காரன் காலம் என்று சொன்னால் பாட்டி பேச்சையே நிறுத்திவிடும். சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன எங்கள் ஆட்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் தெரியுமா உங்களுக்கு? சயாமின் பான் போங் முதல் பர்மாவின் தன்பியூசாயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், காலராவிலும் மலேரியாவிலும் அடியிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்கு முழுப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. நீங்கள் என்னவென்றால் ஜப்பான் பிள்ளை மடித்தது 644ஆ ஆயிரமா என்று அடித்துக்கொள்கிறீர்கள். டீச்சரம்மா, உங்கள் ஆறாம் வகுப்பில் சயாம் மரண ரயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

பொக்ரான்98:
அப்படிப் போடுங்கள் அண்ணே! இதைத்தான் நானும் சொல்கிறேன். சீனாவின் நான்கிங்கில் ஜப்பான்காரன் செய்த படுகொலையை யார் பேசுகிறார்கள்? குண்டு விழுந்ததால்தான் போர் முடிந்தது, உங்கள் ஆட்கள் மிச்சம் பேராவது வீடு திரும்பினார்கள். அதற்கு ஒரு நன்றி சொல்ல ஆள் இல்லை.

ஈப்போ ராசா:
தம்பி, நான் குண்டுக்கு நன்றி சொல்ல வரவில்லை. என் வாயில் உங்கள் பேச்சைத் திணிக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ராசா அண்ணன் சொன்ன வேதனை நியாயம். ஆனால் பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்பதைப் பொக்ரான் தம்பி கவனிக்கவும், சாவில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்தது. அப்புறம், யார் அடித்தவன் யார் அடிபட்டவன் என்று கோடு கிழிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஹிரோஷிமாவில் செத்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கொரியர்கள். ஜப்பான் அவர்கள் நாட்டைப் பிடித்து ஆண்டது, வேலைக்கு இழுத்து வந்தது, அமெரிக்கா அவர்கள் தலையிலும் சேர்த்துக் குண்டு போட்டது. 1970ல் அவர்களுக்கு வைத்த நினைவுக்கல்லுக்கு அமைதிப் பூங்காவுக்குள் இடம் கிடைக்கவில்லை, வெளியேதான் நின்றது. உள்ளே கொண்டுவந்தது 1999ல். அமைதிப் பூங்காவுக்கே அமைதி வர அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இதை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களா? இல்லை, 644தான் அனுப்புவார்கள்.

வெண்புறா77:
எந்தச் சாவைப் பேசினாலும் கடைசியில் என் தலையில் கொண்டுவந்து 644ஐக் கொட்டுகிறார். ராசா அண்ணா, பாடத்திட்டத்தில் இருப்பதைத்தான் நாங்கள் நடத்த முடியும், கொக்குகூட நான் சொந்தமாகச் சேர்த்ததுதான். அதற்கும் தலைமையாசிரியரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பிள்ளை சாருக்கு ஒன்று கேட்கிறேன். ஹிரோஷிமாவில் சடாகோ நினைவாக எழுந்த சிறுவர் சின்னத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி கொக்கு போகிறதாம், பத்து டன் எடை. அந்த ஒரு கோடியும் எந்தக் கதையைக் கேட்டு மடித்தது? அருங்காட்சியகக் குறிப்பைப் படித்தா?

கணக்குப்பிள்ளை:
அந்தச் சின்னம் எப்படி வந்தது என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? அவள் வகுப்புத் தோழர்கள் நிதி திரட்டினார்கள். ஜப்பான் முழுக்க 3,100க்கும் மேற்பட்ட பள்ளிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் காசு அனுப்பி, 1958 மே 5 அன்று திறந்தார்கள். நீங்கள் பயப்படுகிற உண்மைக் கதைதான் அத்தனையும் செய்தது, 1977ல் வந்த 644 இல்லை. புத்தகமே இன்னும் பிறக்கவில்லை!

வெண்புறா77:
நான் கேட்டது இன்றைக்குப் போகிற ஒரு கோடியை. நீங்கள் பதில் சொன்னது 1958க்கு. சாமர்த்தியம்.

பொக்ரான்98:
2003ல் ஒரு கல்லூரிப் பையன் அங்கே 1,40,000 கொக்கைக் கொளுத்திவிட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜப்பான்காரனே சலித்துப்போய்விட்டான்.

கணக்குப்பிள்ளை:
ஒருவன் தீ வைத்தால் நாடே சலித்துவிட்டதா? சலித்தவர்களுக்கா 2024ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்? குண்டில் தப்பியவர்களின் நிஹோன் ஹிடான்கியோ அமைப்பு 1956லிருந்து ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. இதில் கசப்பு என்னவென்றால், அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஜப்பான் அரசாங்கம் இன்னும் அதில் சேரவில்லை. நம் நாடும் சேரவில்லை. 1954ல், பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்த கொஞ்ச நாளிலேயே, சோதனைகளை நிறுத்துங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர் நேரு. அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு பெயரிலேயே பொக்ரான் வைத்திருக்கிற தம்பி அமைதிக்கு விளக்கம் சொல்கிறார், நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பொக்ரான்98:
பெயரைப் பற்றிப் பேசாதீர்கள். நேரு பேசியதைக் கேட்டுச் சீனாக்காரன் 64ல் வெடிக்காமல் இருந்தானா?

நடுநிலை நாராயணன்:
வரையறை பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் தரவில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஈப்போ ராசா:
எனக்கும்தான் பதில் வரவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார், முடிந்தது. பிள்ளை அண்ணன் "வேதனை நியாயம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நேராக ஹிரோஷிமாவுக்குப் போய்விட்டார். ஜப்பான் பிள்ளையின் கொக்கை எண்ண இத்தனை பேர் இருக்கிறீர்கள், எங்கள் ஆட்களை எண்ண ஒருத்தரும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, எண்ணிக்கை முக்கியம் என்றுதான் நானும் தொடக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என் பக்கம்தான், உங்களுக்குத்தான் தெரியவில்லை. சடாகோவின் அண்ணன் செய்ததைப் பாருங்கள். அவள் மடித்ததில் மிஞ்சிய கொக்குகளில் ஒன்றை நியூயார்க்கில் இரட்டைக் கோபுர நினைவிடத்துக்குக் கொடுத்தார், ஒன்றை ஜப்பான் குண்டு போட்ட பேர்ல் ஹார்பருக்கே கொடுத்தார். குண்டு போட உத்தரவிட்ட ட்ரூமனின் பேரன் 2012ல் ஹிரோஷிமாவுக்கு வந்து அஞ்சலி செலுத்தினார். அமைதி என்று பேசுவதற்கு அந்த அண்ணனை விடத் தகுதி யாருக்கு இருக்கிறது? அந்த மனிதர் ஆயிரத்துக்கு மேல் என்கிறார். 644 என்கிறவர் அவரைப் பொய்யர் என்கிறார்.

வெண்புறா77:
நான் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. திரித்து எழுதுகிறீர்கள். மட்டுறுத்துநரிடம் புகார் கொடுத்துவிட்டேன்.

ஈப்போ ராசா:
உங்கள் பக்கமா? நான் யார் பக்கமும் இல்லை. பேர்ல் ஹார்பருக்குக் கொக்கு போனது, நியூயார்க்குக்குப் போனது. சயாமுக்குப் போனதா, அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சயாமுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே வந்து முதல் ஆளாக எழுதுகிறேன். இங்கே பேச்சு 644 பற்றி. டீச்சர், புகார் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், போன வருடமும் கொடுத்தீர்கள்.

பொக்ரான்98:
தனி இழை என்றதும் நினைவுக்கு வந்தது. கொக்குரா விஷயத்தில் மேகம்தான். 

கணக்குப்பிள்ளை:
மூன்று முறை நகரத்தின் மேல் பறந்தும் இலக்கு கண்ணில் படவில்லை. யவாத்தா அடுத்த ஊர், முந்தைய நாள் எரிந்த ஊர். அந்தப் புகை எங்கே போயிருக்கும் தம்பி, உங்கள் வீட்டுக்கா? பழைய இழையில் இரண்டு கேள்வி கேட்டு வைத்திருக்கிறேன். அங்கே வந்து பதில் சொல்லிவிட்டு இங்கே பேசுங்கள்.

பொக்ரான்98:
அந்த இழையைத்தான் பூட்டிவிட்டார்களே. உங்களால்தான்.