புதுப்பிப்பு: டாடா நெக்ஸான் ஈவி (மின்சார கார்), கோபிசெட்டிபாளையத்தில் வீட்டு சார்ஜிங்

வீட்டு சார்ஜிங்கே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும். 45 கிலோவாட் மணி பேட்டரிக்கு 15 ஆம்பியர் பிளக்கில் 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும், 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டிய பிறகு ராத்திரி போட்டால் விடியும்போது தயார். எர்த்திங்கை மட்டும் முதலில் பாருங்கள், எங்கள் பழைய வீட்டில் அது சரியில்லாமல் சார்ஜே ஏறவில்லை, எலக்ட்ரீசியன் புதுக் குழி எடுத்த பிறகுதான் சரியானது.

அப்புறம் திம்பம் மலைக்குப் போய் வந்தோம். 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சார்ஜ் மளமளவென இறங்கியது, ஆனால் இறங்கும்போது ரீஜெனை (வேகம் குறையும்போது பேட்டரிக்கு சார்ஜ் திருப்பும் வசதி) மூன்றாம் அளவில் வைத்ததால் பிரேக்கை அதிகம் தொடாமலே கொஞ்சம் திரும்பி ஏறியது, பின் சீட்டில் இருந்த அம்மிச்சிக்கு வாந்தியும் வரவில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. வெளியே டிசி சார்ஜரில் (வேக சார்ஜர்) போட்டால் 80 சதவீதத்தில் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறும்.